ஒரே அளவு, ஐந்து விலை: ஸ்பானரில் எதற்குக் காசு கொடுக்கிறோம்?

கொழும்பில் பஞ்சிகாவத்தையிலோ பழைய சோனகத் தெருவிலோ ஒரு கடையில் நின்று "8இலிருந்து 24 வரை ஒரு ஸ்பானர் செட்" என்று கேட்டால், மேசைமேல் நாலைந்து செட் வந்து விழும். எல்லாமே பளபளக்கும். எல்லாவற்றிலும் 'குரோம் வனேடியம்' என்று பொறித்திருக்கும். விலை மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் நிற்கும். "இது சைனா, இது இந்தியா, இது தாய்வான், இது ஒரிஜினல்" என்பார் கடைக்காரர். ஒரிஜினல் என்று ஒரு நாடு கிடையாது என்பதை அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை.

இந்தக் குழப்பம் அண்மைக்காலத்தில் கூடியதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடையில் 2022இல் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் 360ஐத் தொட்டது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். பழைய வாகனத்தையே வைத்துச் சமாளிக்கிறவர்கள் சின்ன வேலைகளைத் தாங்களே செய்யப் பார்க்கிறார்கள். அதே வேளையில் வெளிநாட்டுக் கருவிகளின் விலை கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. ஆகவே கூடுதல் காசு கொடுத்தால் உண்மையில் என்ன கிடைக்கிறது, எந்த இடத்தில் குறைத்துக்கொள்ளலாம் என்று பிரித்துப் பார்ப்பது அவசியம்.

இந்தக் கட்டுரையின் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். முழுச் செட்டும் ஒரே கம்பனியுடையதாக இருக்க வேண்டியதில்லை. நாலைந்து அளவுகள்தான் கையில் முக்கால்வாசி வேலையைச் செய்கின்றன. காசு அவற்றில் விழ வேண்டும். மற்றவை சுமாராக இருந்தாலும் பிழையில்லை.

முதலில் அடிப்படை

ஸ்பானர் என்பது ஒரு நெம்பு. கை கொடுக்கும் விசையை அதன் நீளத்தால் பெருக்கினால் வருவது முறுக்குவிசை. அதை நியூற்றன் மீற்றரில் அளக்கிறார்கள். 8 மி.மீ. தடிப்புள்ள, 8.8 தர (வலுவைக் குறிக்கும் எண்) போல்ட் ஒன்றைப் பூட்ட ஏறத்தாழ 25 நியூற்றன் மீற்றர் தேவை. அதற்குரிய 13 ஸ்பானர் (13 என்பது போல்ட் தலையின் அகலம், மில்லிமீற்றரில்) 16 சென்றிமீற்றர் நீளம் என்றால், நுனியில் 16 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு போதும். ஒரு சாதாரண ஆளின் கைக்கு அது சிரமமில்லாத இழுப்பு. சின்ன ஸ்பானர் கட்டையாகவும் பெரியது நீளமாகவும் இருப்பது இந்தக் கணக்கினால்தான்: கை வழக்கமாக இழுக்கும் இழுப்பில் போல்ட் முறியாத அளவுக்கு நீளத்தை வைக்கிறார்கள். பின்னால் பைப் போட்டு நீட்டுகிறவர் இந்தக் காவலை எடுத்துவிடுகிறார். அப்புறம் முறிவது ஸ்பானரா போல்ட்டா என்பது அதிர்ஷ்டம்.

கடையில் அன்றாடம் கேட்கும் வகைகள் இவை:

1. ஓப்பன் ஸ்பானர். வாய் திறந்தது. நட்டின் எதிரெதிர் பக்கங்கள் இரண்டைத்தான் பிடிக்கும். தலை 15 பாகை சரிந்திருக்கும். இடமில்லாத இடத்தில் ஸ்பானரைத் திருப்பித் திருப்பிப் போட்டால் 30 பாகை அசைவிலேயே நட்டைச் சுற்றலாம்.

2. ரிங் ஸ்பானர். நட்டைச் சுற்றிவர அணைக்கும். உள்ளே 6 மூலை அல்லது 12 மூலை. இறுகிய நட்டை அசைக்க இதுதான் சரியான ஆயுதம்.

3. கொம்பினேஷன். ஒரு முனை ஓப்பன், மறுமுனை அதே அளவு ரிங். ரிங்கால் இளக்கி, ஓப்பனால் வேகமாகக் கழற்றலாம்.

4. அட்ஜஸ்டபிள். திருகினால் வாய் அகலும். வசதி கூட, பிடி குறைவு.

5. பைப் ரென்ச். பல்லுள்ள தாடை. உருண்டைக் குழாய்க்கு மட்டும். நட்டில் போட்டால் நட்டின் கதை முடிந்தது.

வாய் அளவு: விலை வித்தியாசத்தின் பாதி இங்கேதான்

'17' என்று பொறித்த ஸ்பானரின் வாய் சரியாக 17 மில்லிமீற்றராக இருக்காது, இருக்கவும் கூடாது. இருந்தால் நட்டுக்குள் போகாது. 17 நட் என்பதும் சரியாக 17 அல்ல. சர்வதேசத் தரப்படி அது 16.73 வரை சிறுத்திருக்கலாம். ஸ்பானர் வாய்க்கு ஐஎஸ்ஓ 691 என்ற தரம் உண்டு. 17 ஸ்பானரின் வாய் 17.05க்கும் 17.30க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு.

இந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். வாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பாகை ஸ்பானர் சும்மா திரும்பிய பிறகுதான் நட்டைப் பிடிக்கும். அறுகோணத்தின் வடிவியலை வைத்துக் கணக்குப் போட்டால் இப்படி வருகிறது. நட் 16.73 என்று வைத்துக்கொள்வோம். வாய் 17.05 என்றால் சும்மா திரும்புவது சுமார் 2 பாகை. வாய் 17.30 என்றால் மூன்றரைப் பாகை. அளவு பிசகிய ஸ்பானரில் வாய் 17.60 என்றால் ஐந்தரைப் பாகைக்கு மேல்.

ஐந்து பாகை பெரிய விடயமா? ஆம், பெரிய விடயம்தான். ஸ்பானர் திரும்பிய பிறகு அதன் தாடை நட்டின் தட்டையான பக்கத்தில் படுவதில்லை, மூலையின் விளிம்பில் படுகிறது. முழு இழுப்பும் ஒரு மெல்லிய கோட்டில் இறங்குகிறது. மூலை நசுங்கினால் நட் இன்னும் சிறுக்கும், இடைவெளி இன்னும் கூடும், அடுத்த இழுப்பில் இன்னும் நசுங்கும். கராஜில் 'நட் மழுங்கிப்போச்சு' என்பது இதன் கடைசிக் கட்டம். வாய் நட்டைவிடச் சுமார் 15.5 சதவீதம் பெரிதாகிவிட்டால் ஸ்பானர் எந்த மூலையிலும் மாட்டாமல் முழுதாகச் சுற்றும். 13 நட்டில் 15 ஸ்பானர் வழுக்கிக்கொண்டு சுற்றுவது இந்த எல்லையைத் தாண்டுவதால்தான்.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் வெளிக்கின்றன. ஒன்று, சின்ன அளவுகளில் பிசகு மோசமாகக் கடிக்கும். 10 ஸ்பானருக்கு அதே தரம் அனுமதிப்பது 10.04 முதல் 10.19 வரைதான். அங்கே அரை மில்லிமீற்றர் பிசகு 24 ஸ்பானரில் அரை மில்லிமீற்றர் பிசகுவது போல அல்ல. மலிவுச் செட்டில் முதலில் காலை வாருவது 8, 10 ஆகிய அளவுகளாக இருப்பதில் ஆச்சரியமில்லை. இரண்டாவது, ரிங் முனை இந்தப் பாதிப்பை நிறையக் குறைக்கிறது. அங்கேயும் இடைவெளி உண்டு, ஆனால் சுமை ஆறு மூலைகளுக்கும் பிரிகிறது. ஆக, மலிவான ரிங் ஸ்பானர் பல வேலைகளில் விலை கூடிய ஓப்பன் ஸ்பானரைவிட நட்டுக்குப் பாதுகாப்பானது. கடையில் கம்பனி பெயரைக் கேட்கிறவர்கள் இதைக் கேட்பதில்லை.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. நல்ல ரிங் ஸ்பானர்களிலும், நட்டின்மேல் கவிழ்த்துப் போடும் சொக்கட்டுகளிலும் உட்புறம் கூரான மூலையாக இராமல் சற்றே வளைந்திருக்கும். அதனால் சுமை நட்டின் மூலையை விட்டு விலகிப் பக்கத்தில் இறங்கும். அமெரிக்காவின் ஸ்னாப்-ஆன் இதை 1960களில் பிரபலமாக்கியது. காப்புரிமை காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் இன்று தாய்வானின் நடுத்தர ஸ்பானர்களிலும் அதே வடிவத்தைக் காணலாம். அறுபது வருடத்துக்கு முன் பெரிய விலைக்கு விற்ற வசதி இப்போது சாதாரண விலையில் கிடைக்கிறது என்பது வாங்குகிறவருக்கு நல்ல செய்தி.

'குரோம் வனேடியம்' எவ்வளவு சொல்கிறது?

கொஞ்சம்தான் சொல்கிறது. உருக்கில் ஏறத்தாழ ஒரு சதவீத குரோமியமும் அதிலும் மிகக் குறைந்த வனேடியமும் சேர்ந்தால் அதன் உள்ளிருக்கும் படிக மணிகள் நுண்மையாகி உருக்கு வலுவடையும். 1908இல் வந்த ஃபோர்டின் மொடல் டி காரில்கூட வனேடியம் உருக்கு இருந்தது. புதிய விந்தை ஒன்றுமில்லை. இந்த இரண்டு சொற்களையும் யாரும் பொறிக்கலாம். பொறித்தவர் அந்த உருக்கைச் சரியாகச் சூடாக்கி, குளிர்த்து, மறுபடி மிதமாகச் சூடாக்கினாரா என்பதை அந்தச் சொற்கள் சொல்லாது.

அந்த வெப்பப் பதப்படுத்தல்தான் உயிர். நல்ல ஸ்பானரின் கடினம் ரொக்வெல் சி அளவில் பொதுவாக 40க்கும் 48க்கும் இடையில் இருக்கும். அதற்குக் கீழே போனால் வாய் விரிந்துவிடும், அடுத்த நாளே 13 ஸ்பானர் 13 அல்ல. மிகவும் மேலே போனால் வளையாது, படீரென்று உடையும். உடைகிற ஸ்பானர் வளைகிற ஸ்பானரைவிட ஆபத்தானது, ஏனென்றால் முழு உடல் பாரத்தோடு இழுத்துக்கொண்டிருக்கும் கை நேராக ரேடியேட்டரில் போய் மோதும். எனவே நல்ல தயாரிப்பாளர் வேண்டுமென்றே கடினத்தை ஓரிடத்தில் நிறுத்துகிறார். இந்தக் கட்டுப்பாடு ஒவ்வொரு தொகுதியிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மலிவுத் தயாரிப்பின் உண்மையான குறை இதுதான்: ஒரே செட்டில் 12 அருமையாக இருக்கும், 14 களிமண்ணாக இருக்கும்.

சம்மட்டி அச்சில் அடித்து உருவாக்கியது என்பது அடுத்த விடயம். இன்று ஓரளவு பெயருள்ள எல்லா ஸ்பானரும் அப்படித்தான் செய்யப்படுகிறது, அதைத் தனிச் சிறப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

குரோம் பூச்சு கொழும்பில் கொஞ்சம் கூடுதல் கவனம் கேட்கிறது. முகத்துவாரத்திலிருந்து வெள்ளவத்தை வரை கடற்காற்றில் உப்பு உண்டு. நல்ல பூச்சில் கீழே நிக்கல், மேலே மெல்லிய குரோம். நிக்கல் அடுக்கைச் சுருக்கினால் ஓரிரு மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாகக் கறள் எட்டிப் பார்க்கும். அதைவிட மோசம், பூச்சு உரிந்தால் அதன் விளிம்பு பிளேட் போலக் கையைக் கீறும். கறுப்பு நிறத்தில் வரும் ஸ்பானர்கள் கறளை இன்னும் சீக்கிரம் பிடிக்கும். ஒயில் துணியால் துடைத்து வைக்கிற பழக்கம் இல்லாதவர்கள் அவற்றைத் தவிர்க்கலாம்.

பெயரும் ஊரும்: எது எங்கிருந்து வருகிறது

கைக்கருவித் தொழில் உலகில் சில ஊர்களில் குவிந்து கிடக்கிறது. ஜேர்மனியில் ரெம்ஷைட், வூப்பர்ட்டால் பக்கம். ஸ்டால்வில்லே 1862இலும் ஹாசெட் 1868இலும் கெடோரே 1919இலும் தொடங்கியவை; மூன்றும் அந்த வட்டாரத்தவை. ஜப்பானில் கியோட்டோவின் கேடிசி, 1950இல் தொடங்கியது. தாய்வானில் தாய்ச்சுங் நகரம். கிங் டோனி, டொப்டுல் போன்றவை தாய்வான் பெயர்கள். இந்தியாவில் பஞ்சாபின் ஜலந்தர், லூதியானா. மகாராஷ்டிராவில் நாசிக்கின் டபாரியா, ஸ்வீடன் நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியோடு 1969இல் கருவிகள் செய்யத் தொடங்கியது. இவற்றுக்கு அப்பால் டோட்டல், இங்கோ, டொல்சன் என்று கடைகளில் மஞ்சளும் பச்சையுமாகத் தொங்கும் சீனப் பெயர்கள்.

ஆனால் பெயர் ஊரைக் காட்டும் என்று நம்பினால் ஏமாறலாம். பாக்கோ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். அட்ஜஸ்டபிள் ஸ்பானரை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்வீடன்காரரான யோஹான் பெட்டர் யோஹான்சன். 1890களின் தொடக்கத்தில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்தக் கருவி பாக்கோ என்ற பெயரில் உலகம் சுற்றியது. 1999இல் அந்தப் பெயர் அமெரிக்க ஸ்னாப்-ஆன் கைக்குப் போனது. இன்று அதே வரிசை அட்ஜஸ்டபிள்களில் 'ஸ்பெயினில் செய்தது' என்று இருக்கும். ஸ்வீடன் பெயர், அமெரிக்க முதலாளி, ஸ்பெயின் தொழிற்சாலை. பொருள் நல்ல பொருள்தான், ஆனால் 'ஸ்வீடன் சாமான்' என்று விற்பவர் சொல்வது பாதி உண்மை. 1843இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்டான்லியின் ஸ்பானர்களும் ஆசியத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டே நம் சந்தைக்கு வருகின்றன. பிரான்ஸின் ஃபகோம் 2006இலிருந்து அதே ஸ்டான்லியின் குடும்பத்தில் ஒன்று.

அப்படியானால் எதை எதோடு ஒப்பிடுவது? நாட்டை வைத்து அல்லாமல் படியை வைத்து ஒப்பிடுவது நல்லது.

மேல் படி: ஸ்னாப்-ஆன், ஸ்டால்வில்லே, ஹாசெட், கேடிசி. இவற்றில் வலு மட்டுமல்ல, மெலிவும் விலைக்குள் இருக்கிறது. தலை ஒடுங்கியிருக்கும், அதே வலுவோடு. எஞ்சினுக்கும் கார் உடலுக்கும் இடையில் விரல் நுழையாத இடத்தில் இது வித்தியாசம் காட்டும். ஸ்னாப்-ஆன் விலையில் இன்னொரு விடயமும் ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவில் அதை வான் வண்டியில் கராஜ் வாசலுக்கே கொண்டுவந்து, தவணைக்கும் கொடுத்து விற்கிறார்கள். அந்தச் சேவையின் செலவும் விலைக்குள்தான். கொழும்பில் ஒரு ஸ்பானரைத் தனியாக வாங்குகிறவருக்கு அதில் பெரிதாக ஒன்றும் திரும்பி வராது.

நடுப்படி: தாய்வான் பெயர்களும், டபாரியா போன்ற இந்தியப் பெயர்களும். வாய் அளவு பொதுவாகத் தரத்துக்குள் இருக்கும். தாய்வான் சாமானின் மெருகு மேல் படியை நெருங்கிவிட்டது. இந்தியச் சாமான் கொஞ்சம் தடிப்பு, மெருகு குறைவு, ஆனால் அடிபடத் தாங்கும். என் கணிப்பில் சொந்த வாகனத்தைத் தானே பார்க்கிறவருக்கும், சின்ன கராஜ் நடத்தும் பாஸுக்கும் காசுக்கு அதிகம் கிடைப்பது இந்தப் படியில்தான். நடுப்படிக்கும் மேல் படிக்கும் இடையிலான விலை இடைவெளி பெரிது, வேலை இடைவெளி சிறிது.

கீழ்ப் படி: பெயருள்ள மலிவுச் சீனச் செட்டுகள். மாதம் ஒரு முறை எடுக்கிறவருக்குத் தாராளமாகப் போதும். இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்குகிறவர்கள் பத்து வருடத்துக்கு முந்திய அனுபவத்தை வைத்துப் பேசுகிறார்கள்.

படிக்கே வராதது: பெயரில்லாத செட்டும், பெரிய பெயரைப் போலியாகப் பொறித்த செட்டும். இங்கேதான் 'ஒரிஜினல்' என்ற சொல் அதிகம் கேட்கும். இந்த இரண்டில் போலி இன்னும் மோசம், ஏனென்றால் சீனச் செட்டின் தரத்துக்கு ஜேர்மன் விலை கொடுக்க நேரிடும்.

ஆயுட்கால உத்தரவாதம் என்று பெட்டியில் போட்டிருந்தால் ஒரேயொரு கேள்வி கேட்க வேண்டும்: மாற்றித் தருவது யார், எங்கே? கொழும்பில் முகவர் இல்லாத பெயரின் ஆயுட்கால உத்தரவாதம் பெட்டியோடு சேர்ந்து குப்பைக்குப் போகும். பில் வாங்கி வைப்பதும் இதோடு சேர்ந்ததே.

அட்ஜஸ்டபிளுக்குத் தனிக் கணக்கு

மற்ற ஸ்பானர்களில் பெயர் பாதி விடயம் என்றால், அட்ஜஸ்டபிளில் பெயர் முக்கால் விடயம். காரணம் எளிது. அதில் அசையும் தாடை ஒன்றும், அதைத் தள்ளும் புழுத்திருகு ஒன்றும், தாடை ஓடும் பள்ளம் ஒன்றும் இருக்கின்றன. மூன்றிலும் உள்ள தளர்ச்சி ஒன்றாகக் கூடி வாயில் வந்து நிற்கும். மேலே சொன்ன மூன்றரைப் பாகை, ஐந்தரைப் பாகைக் கணக்கு இங்கே இன்னும் மோசமாகும், அதுவும் இழுக்க இழுக்கத் தாடை விரியும்.

10 அங்குல அட்ஜஸ்டபிள் ஒன்று வழக்கமாக 30 மில்லிமீற்றர் அளவு வரை திறக்கும். அகல வாய் வகைகளில் 8 அங்குலத்திலேயே 38 வரை போகிறவை உண்டு. குளியலறைக் குழாய், கழுவுதொட்டி வேலைக்கு அவை சரியான சாமான். பாவிக்கும்போது இழுப்பு அசையாத தாடையின் பக்கம் விழும்படி பிடிக்க வேண்டும். மறுபக்கம் பிடித்து இழுத்தால் முழுச் சுமையும் புழுத்திருகின் பல்லில் ஏறும். நல்ல பாக்கோவையும் ஆறு மாதத்தில் கெடுக்க இது போதும்.

கொழும்பு வாகனங்களுக்கு எந்த அளவு?

இதுதான் செட் வாங்குகிறவர்களை அதிகம் குழப்பும் இடம். ஒரே தடிப்புள்ள போல்ட்டுக்கு நாட்டுக்கு நாடு தலை அளவு மாறும்.

1. 6 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக எல்லோரும் 10 தலைதான் வைக்கிறார்கள். பேட்டரி முனை, எயார் ஃபில்டர், பம்பர் என்று 10 படாத இடமில்லை. எல்லாக் கராஜிலும் தொலைந்து போவதும் அதுதான்.

2. 8 மி.மீ. போல்ட்டுக்கு ஐரோப்பிய வழக்கு 13. ஜப்பான் கார்களில் பெரும்பாலும் 12.

3. 10 மி.மீ. போல்ட்டுக்கு ஜேர்மன் பழைய வழக்கு 17, புதிய சர்வதேச வழக்கு 16, ஜப்பான் கார்களில் பெரும்பாலும் 14.

4. 12 மி.மீ. போல்ட்டுக்கு பழைய வழக்கு 19, புதியது 18, ஜப்பான் கார்களில் பெரும்பாலும் 17.

5. சில்லு நட் தனி. பெரும்பாலும் டொயோட்டாவில் 21, ஹொண்டாவில் 19. பல டொயோட்டா கார்களுக்கு அதன் முறுக்குவிசை 103 நியூற்றன் மீற்றர். கையால் குத்துமதிப்பாக இறுக்காமல் முறுக்குவிசை ரென்ச் ஒன்றால் பூட்ட வேண்டிய நட் இது.

நம் வீதிகளில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானியவை என்பதால் 10, 12, 14, 17 என்ற நான்கும்தான் உழைக்கும் அளவுகள். இப்போது இந்திய எட்டுத் துண்டு டபுள் செட்டைப் (ஒரு முனை ஓர் அளவு, மறுமுனை இன்னோர் அளவு) பாருங்கள்: 6x7, 8x9, 10x11, 12x13, 14x15, 16x17, 18x19, 20x22. ஏறத்தாழ எல்லா அளவும் இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றும் ஒன்றுதான். ஒரு பக்கம் 12 போல்ட், மறுபக்கம் 12 நட் என்று வந்தால் நட்டைப் பிடிக்க இரண்டாவது 12 இல்லை. ஜப்பான் செட்டுகளின் வழக்கமான சோடி வேறு: 8x10, 10x12, 12x14, 14x17, 17x19. தேவையான அளவு ஒவ்வொன்றும் இரண்டு முறை வருகிறது, 9, 11, 15 என்று வேலையே இல்லாத அளவுக்கு இரும்பு செலவாகவில்லை. துண்டு குறைவாக இருந்தும் டொயோட்டாவுக்கோ நிசானுக்கோ இந்தச் செட் பொருந்தும். துண்டு எண்ணிக்கையைப் பார்த்து விலை ஒப்பிடுவது ஏன் பிழை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

கடை மேசையில் செய்யக்கூடிய சோதனை

கருவி எதுவும் தேவையில்லை. 10 தலை, 12 தலை உள்ள புதிய போல்ட் இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால் போதும்.

1. போல்ட் தலையில் ஓப்பன் வாயை மாட்டி இரு பக்கமும் ஆட்டிப் பார்க்கவும். இறுக்கமாக நுழைந்து கொஞ்சம் மட்டும் ஆடினால் நல்லது. கடகடவென்று ஆடினால் அந்தச் செட்டை மேசையிலேயே விடலாம். பழைய போல்ட்டில் இந்தச் சோதனை வேலை செய்யாது.

2. வாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கவும். இரண்டு தாடைகளும் சமாந்தரமாக இருக்க வேண்டும். நுனியில் அகன்று அடியில் ஒடுங்கினால் வழுக்கும்.

3. ரிங்கின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்கவும். பூச்சு திரண்டு கட்டியாக நிற்பதும், ஒரு மூலை ஆழமாகவும் அடுத்தது மேலோட்டமாகவும் இருப்பதும் கெட்ட அடையாளம்.

4. தயாரிப்பாளர் பெயர், செய்த நாடு, தர எண் பொறித்திருக்கிறதா? கொம்பினேஷனில் ஜேர்மன் தரமான டிஐஎன் 3113, இந்திய ஓப்பன் ஸ்பானரில் ஐஎஸ் 2028, ரிங்கில் ஐஎஸ் 2029 போன்றவை நம்பிக்கை தருபவை. எண் இருப்பதே சான்றிதழ் ஆகிவிடாது, எண்ணே இல்லாமல் 'குரோம் வனேடியம்' மட்டும் பெரிதாக இருந்தால் சந்தேகப்படலாம்.

5. அட்ஜஸ்டபிள் என்றால் பாதி திறந்து, அசையும் தாடையை விரலால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் தள்ளவும். பிறகு முழுதாகத் திறந்து அதையே செய்யவும். மூடிய நிலையில் மட்டும் காட்டுகிற கடைக்காரரிடம் திறந்து காட்டச் சொல்லலாம்.

காசைப் பிரிக்கும் விதம்

சொந்தக் கார் ஒன்றும் வீட்டு வேலையும் மட்டும் என்றால்: 10, 12, 14, 17 அளவுகளில் நடுப்படிக் கொம்பினேஷன் இரண்டிரண்டு. நல்ல பெயரில் 8 அல்லது 10 அங்குல அட்ஜஸ்டபிள் ஒன்று. மிச்ச அளவுகளுக்கு மலிவுச் செட் ஒன்று பெட்டிக்குள் கிடக்கட்டும். அந்தச் செட்டில் எந்த ஸ்பானர் திரும்பத் திரும்பக் கைக்கு வருகிறதோ, அதை மட்டும் பிறகு நல்லதாக மாற்றலாம். மேல் படியில் ஒன்றே ஒன்று வாங்க ஆசை என்றால் அது 10 ஆக இருக்கட்டும்.

தினமும் வேலை செய்யும் கராஜுக்குக் கணக்கு வேறு. மழுங்கிய ஒரு நட்டை வெட்டி எடுக்க ஆகும் நேரமும் கூலியும் நல்ல ஸ்பானர் ஒன்றின் விலையைச் சீக்கிரம் எட்டிவிடும், கடற்கரை ஓரத்தில் நிற்கும் பதினைந்து வருடப் பழைய வாகனங்களில் இன்னும் சீக்கிரம். அங்கே ரிங் ஸ்பானர்களையாவது மேல் படியில் வாங்குவது செலவு அல்ல. பாவித்த ஜப்பான் ஸ்பானர்கள் கண்ணில் பட்டால் வாய் விரியாதவையா என்று அதே போல்ட்டால் சோதித்துவிட்டு எடுக்கலாம். இருபது வருடப் பழைய கேடிசி ஒன்று புதிய பெயரில்லாத செட்டைவிட உறுதியானது.

மொரிஸ் மைனர், ஒஸ்டின் வைத்திருப்பவர்களுக்கும் பழைய ஆங்கிலேயக் கடைசல் இயந்திரங்களோடு மல்லுக்கட்டுபவர்களுக்கும் மில்லிமீற்றர் செட் முழுதாக உதவாது. அங்குல அளவில் 3/4 என்பது 19.05 மி.மீ., ஆகவே 19 ஸ்பானரில் நட்டைப் பொறுத்து நுழையும் அல்லது அடம்பிடிக்கும். 5/8 என்பது 15.88, 16 நன்றாகப் பொருந்தும். 1/2 என்பது 12.70, 13 கொஞ்சம் தளர்வு. 9/16 என்பது 14.29, 14 நுழையாது, 15 நட்டை மழுங்கடிக்கும். அதற்கு அங்குல ஸ்பானரே வேண்டும். பழைய ஆங்கிலேய அளவு முறையான விட்வர்த் நட்டுகள் இன்னும் விசித்திரம், அவற்றின் ஸ்பானரில் பொறித்திருப்பது நட்டின் அகலம் அல்ல, போல்ட்டின் தடிப்பு. '1/4' என்று பொறித்த விட்வர்த் ஸ்பானரின் வாய் 13.3 மில்லிமீற்றர் இருக்கும்.